பழைய டீசல் காரில் டீசல் வழி அடைப்பு: இடத்தைக் கண்டுபிடித்து எடுப்பது எப்படி

காலையில் ஒரே செல்ஃபில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங் சீராக இருக்கிறது, தெருவுக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தாலோ மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலோ மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. இழுவை குறைகிறது, விட்டுவிட்டு இழுக்கிறது, சில சமயம் அப்படியே நின்றும் விடுகிறது. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துச் செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுகிறது. உங்கள் பழைய டீசல் கார் இப்படிச் செய்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் வரும் வழியைத்தான்.

இந்தக் குறைக்கு வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், முதலில் ஃபில்டரை மாற்றுவார்கள். ரெண்டு நாள் நன்றாக ஓடும், மறுபடி அதே கதை. அப்புறம் ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை எடுத்துத் தரும் சிறு பம்ப்), அப்புறம் இன்ஜெக்டர்கள், கடைசியில் டீசல் பம்பையே கழற்றிக் காலிபரேஷனுக்கு, அதாவது அளவு சரிபார்க்க, அனுப்பிவிடுவார்கள். அது திரும்பி வந்து மாட்டிய பிறகும் வண்டி மேட்டில் நிற்கும். ஏனென்றால் குறை டேங்குக்குள் மிதக்கும் ஒரு துண்டு சீலன்ட்டில் இருக்கும், அல்லது உள்பக்கம் உரிந்துபோன ஒரு சாண் ரப்பர் ஹோஸில் இருக்கும். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால், குறை எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் நடுவில் இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சுத்தமான கேன், உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஹோஸ் ஒரு துண்டு, காற்றடிக்கும் ஃபுட் பம்ப், சாதாரண ஸ்பேனர் செட் போதும்.

இங்கே நான் பேசுவது மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிகளைப் பற்றி. பாஷ் விஇ, லூகாஸ் சிஏவி போன்ற ரோட்டரி பம்ப், அல்லது பழைய மெர்சிடிஸ் டீசல்களில் இருப்பது போன்ற இன்லைன் பம்ப். உங்களுடையது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரே ரெயிலில் டீசலை உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும் பிந்தைய வகை) என்றால் டேங்கிலிருந்து ஃபில்டர் வரைக்கும் இதே யோசனை பொருந்தும், ஆனால் அதற்கு அப்பால் உள்ள பைப் நட்டுகளில் ஸ்பேனரே வைக்காதீர்கள். ரெயிலுக்குள் 1000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், அது வேறு ஆட்டம்.

இன்னொரு விஷயம். ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடக் கூடாத குறை இது. ரோட்டரி பம்புக்குள் உராயும் பாகங்களுக்கு மசகு எண்ணெயாக இருப்பதே டீசல்தான். டீசல் பற்றாமல் ஓட ஓட அந்தப் பாகங்கள் காய்ந்து தேய்கின்றன. அடைப்பை எடுக்க அரை நாள் ஆகும். பம்ப் போனால் மாதக்கணக்கில் வண்டி நிற்கும்.

டீசல் எந்த வழியாக வருகிறது

பானட்டைத் திறந்து ஒருமுறை இந்த வழியைக் கையால் தொட்டுத் தொட்டுப் பின்தொடருங்கள். டேங்குக்குள் ஒரு பிக்கப் குழாய் தொங்கும், அதன் நுனியில் சிறு வலை. அங்கிருந்து வண்டியின் அடிப்பக்கமாக இரும்புக் குழாய் முன்னால் வரும், இரண்டு முனைகளிலும் ரப்பர் ஹோஸ் இருக்கும். சில வண்டிகளில் நடுவில் தண்ணீரைப் பிரிக்கும் செடிமெண்டர் இருக்கும். அப்புறம் கையால் அமுக்கும் பிரைமர், அது ஃபில்டர் தலையிலேயே பொத்தான் மாதிரி இருக்கலாம், ஹோஸ் நடுவில் ரப்பர் உருண்டையாகவும் இருக்கலாம். அப்புறம் ஃபில்டர், கடைசியில் டீசல் பம்ப். பம்பிலிருந்தும் இன்ஜெக்டர்களிலிருந்தும் மிச்ச டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பிப் போகும்.

இதில் புதியவர்களுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான சங்கதி: ரோட்டரி பம்ப் உள்ள பல கார்களில் தனி ஃபீட் பம்ப் கிடையாது. பம்புக்குள்ளேயே சுழன்று உறிஞ்சும் சிறு வேன் பம்ப்தான் டேங்க் வரைக்கும் எட்டி உறிஞ்சுகிறது. அதாவது டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் எல்லாக் குழாயும் வெற்றிடத்தில், உறிஞ்சலில்தான் இருக்கிறது. அதனால் ஒரு ஹோஸ் லேசாக வெடித்திருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை, ஆகவே லீக் இல்லை என்ற கணக்கு இங்கே செல்லாது. இன்லைன் பம்ப் வண்டிகளில் பக்கவாட்டில் ஃபீட் பம்ப் இருக்கும். அது டேங்கிலிருந்து உறிஞ்சி, ஃபில்டருக்கும் பம்புக்கும் தள்ளும். அங்கே ஃபீட் பம்புக்கு முன்னால் உறிஞ்சல், பின்னால் தள்ளல்.

அடைப்பா, காற்றா

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி நேரம் வீணாகிறது. உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கும்போது குழலில் வழுக்கை அடைத்துக்கொண்டால் ஒரு மாதிரி இருக்கும், குழலில் கீறல் இருந்தால் வேறு மாதிரி இருக்கும், இல்லையா? அதே வித்தியாசம்தான்.

அடைப்பு என்றால் குறைவாகக் கேட்கும்போது டீசல் வந்துவிடும், அதிகமாகக் கேட்கும்போதுதான் பற்றாது. ஆகவே ஐட்லிங்கில் நல்ல பிள்ளை, வேகத்திலும் மேட்டிலும் தொல்லை. நிறுத்தி வைத்தால் வெற்றிடம் தளர்ந்து, வலையில் ஒட்டியிருந்த குப்பை விழுந்துவிடும், மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். காற்று நுழைகிறது என்றால் கதை தலைகீழ். ராத்திரி முழுக்க நிற்கும்போது டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் நிறைய நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், ஸ்டார்ட் ஆனதும் தடுமாறி, அப்புறம் சரியாகிவிடும். இரண்டும் சேர்ந்தும் வரலாம்: முன்னால் அடைப்பு இருந்தால் உறிஞ்சல் கடுமையாகி, அதுவரை சும்மா இருந்த தளர்ந்த கிளிப் வழியாகக் காற்று வர ஆரம்பிக்கும்.

புகையையும் பாருங்கள். இழுவை குறையும்போது பின்னால் கருப்புப் புகை தள்ளினால் டீசல் பற்றாத குறை இல்லை, பெரும்பாலும் காற்று பற்றாத குறை. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் பக்கம் போங்கள். டீசல் பற்றவில்லை என்றால் புகை பெரிதாக இருக்காது, வண்டி சத்தமில்லாமல் சோர்ந்து போகும். இன்னொன்று, சாவியைத் திருப்பி அணைத்தது போல் ஒரே நொடியில் என்ஜின் நின்றால் அது பெரும்பாலும் பம்பின் மேல் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டு (மின்சாரம் நின்றால் டீசலை அடைக்கும் வால்வு) அல்லது அதற்குப் போகும் ஒயர். அடைப்பு அப்படித் திடீரென்று நிறுத்தாது, தடுமாறி இழுத்துத்தான் நிறுத்தும். சாவியை ஆன் செய்யும்போது சொலினாய்டில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

என்ஜின் ஆறியிருக்க வேண்டும், திறந்த இடமாக இருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ கூடாது. டீசல் பெட்ரோல் அளவுக்குச் சட்டெனப் பற்றாது என்பது உண்மைதான், ஆனால் டீசல் ஊறிய துணியும், சூடான சைலன்சரில் தூவலாகப் பட்ட டீசலும் பற்றும். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், ஹோஸைக் கழற்றும்போது முகத்தில் தெறிப்பது சாதாரணம். ஃபில்டருக்குக் கீழே ஆல்டர்னேட்டரோ செல்ஃப் மோட்டாரோ டைமிங் பெல்ட் கவரோ இருந்தால் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். டீசல் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும்.

வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வைத்தே தீர வேண்டும். அப்புறம், என்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் பக்கம் லீக் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. பழைய என்ஜினிலும் இன்ஜெக்டர் திறக்க 100 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலியும் உடனே இருக்காது, ஆனால் விரலையே இழக்க வைக்கும் காயம் அது. அப்படி நடந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் தோலுக்குள் பாய்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

எளிய சோதனைகள் முதலில்

டேங்க் மூடியில் ஆரம்பியுங்கள். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கான சிறு துளை, அதாவது வென்ட், அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. வண்டி மூச்சு வாங்கும் நேரத்தில் நிறுத்தி மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்றை இழுத்து, அதன் பிறகு வண்டி நன்றாக ஓடினால் வேலை முடிந்தது, வென்டைச் சுத்தம் செய்தால் போதும். ஒரு நிமிடச் சோதனை, ஆனால் இதைச் செய்யாமல் பம்பைக் கழற்றியவர்கள் நிறைய.

அடுத்தது தண்ணீர். ஃபில்டருக்கோ செடிமெண்டருக்கோ அடியில் வடிக்கும் திருகு இருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு திறந்து ஒரு கப் அளவுக்கு வடியுங்கள் (உறிஞ்சல் வகை வண்டிகளில் மேலே உள்ள பிளீட் திருகையும், அதாவது காற்றை வெளியேற்றும் திருகையும், லேசாகத் தளர்த்தினால்தான் இறங்கும்). பாட்டிலை அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் கருப்பாக வழவழப்பாக ஏதாவது தொங்கினால், டேங்குக்குள் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அப்புறம் ஃபில்டர். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். உலோகக் கூடு உள்ள வகை என்றால் ஹேக்சாவால் மேல் விளிம்பைச் சுற்றி அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெளியே எடுத்து, வெள்ளைத் துணி மேல் விரித்துப் பாருங்கள். செம்மண் போன்ற தூள் என்றால் டேங்கோ குழாயோ துருப்பிடித்திருக்கிறது. கருப்புக் கூழ், அழுகிய வாசனை என்றால் பூஞ்சை. கருப்புத் துணுக்குகளை விரலால் தேய்க்கும்போது மை மாதிரி இழுத்தால் ரப்பர் ஹோஸ் உள்ளே கரைகிறது. வெயிலில் காட்டும்போது மினுமினுப்பாக உலோகத் தூள் தெரிந்தால் அது மோசமான சேதி: பம்ப் தேய்ந்து, அந்தத் தூள் ரிட்டர்ன் வழியாக டேங்குக்குப் போய் மறுபடி ஃபில்டருக்கு வந்திருக்கிறது. காகிதம் சுத்தமாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான், அடைப்பு ஃபில்டரில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாகி அங்கேயே காற்று நுழையும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கண்ணாடி ஹோஸ் காட்டும் உண்மை

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, அதே உள்விட்டமுள்ள, டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு துண்டை மாட்டுங்கள். இது சோதனைக்கு மட்டும், அப்படியே விட்டுவிடக் கூடாது. சூட்டில் இறுகி வெடிக்கும். என்ஜினை ஓட விட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் சில குமிழிகள் ஓடும், இரண்டொரு நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். ஊசிமுனை போன்ற குமிழிகள் வரிசையாக, நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது. ஐட்லிங்கில் குமிழியே இல்லாமல் இருந்து, ஆக்சிலரேட்டரைப் பிடித்து வைத்ததும் ஹோஸ் நடுவில் நீளமான வெற்றிடம் தோன்றி, என்ஜின் இறங்கியதும் அது சுருங்கி மறைந்தால், அது அடைப்பின் அடையாளம்.

அதே நேரத்தில் மற்ற ரப்பர் ஹோஸ்களையும் கையால் பிடித்துப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறும்போது ஒரு ஹோஸ் சப்பையாகச் சுருங்கினால், அடைப்பு அந்த ஹோஸுக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கிறது. ரப்பர் உருண்டை பிரைமர் உள்ள வண்டியில் இது இன்னும் சுலபம்: உருண்டை உள்ளே ஒடுங்கிப் போய் நின்றால் குறை அதற்கு முன்னால், டேங்க் பக்கம். என்ஜின் ஓடும்போதும் உருண்டை கல் மாதிரி இருந்து அமுங்கவே மறுத்தால் குறை அதற்குப் பின்னால், பெரும்பாலும் ஃபில்டர்.

வேக்குவம் கேஜ் கிடைத்தால் ஒரு டி ஜாயின்ட் வைத்து ஃபில்டருக்குப் பின்னாலும், அப்புறம் முன்னாலும் மாட்டி அளந்து பாருங்கள். எவ்வளவு வரை இருக்கலாம் என்பது பம்புக்குப் பம்ப் வேறுபடும், வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்க்க வேண்டும். ஆனால் எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு இடத்தில் முள் நிறைய ஏறுகிறது, அதற்கு முந்தைய இடத்தில் ஏறவில்லை என்றால் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு.

கேன் சோதனை

என் கணக்கில் எல்லாவற்றையும்விட நம்பத்தகுந்தது இதுதான். சுத்தமான கேனில் நாலைந்து லிட்டர் நல்ல டீசல் ஊற்றி, என்ஜின் பக்கத்தில் சைலன்சரிலிருந்தும் ஃபேனிலிருந்தும் தள்ளி, கவிழாதபடி கட்டி வையுங்கள். டேங்கிலிருந்து வரும் ஹோஸை ஃபில்டர் வாயிலில் கழற்றி முனையை அடைத்துவிட்டு, கேனிலிருந்து ஒரு புதிய ஹோஸை ஃபில்டருக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் கேனுக்குள்ளேயே விடுங்கள். பம்ப் எரிப்பது கொஞ்சம், திருப்பி அனுப்புவது அதிகம், ரிட்டர்னை மாற்றாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, நல்ல ஆர்பிஎம்மில் சில நிமிடங்கள் பிடித்து வையுங்கள்.

இப்போது குறை மறைந்துவிட்டால் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் எதுவும் காரணமில்லை; டேங்கும் குழாயும்தான். குறை அப்படியே இருந்தால், கேன் ஹோஸை ஃபில்டரைத் தாண்டி நேராகப் பம்ப் வாயிலுக்குக் கொடுத்து ஒருமுறை பாருங்கள், கேனும் டீசலும் சுத்தமாக இருக்கிறது என்ற உறுதி இருந்தால் மட்டும், அதுவும் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதில் சரியானால் ஃபில்டரோ அதன் தலையோ. அதிலும் சரியாகவில்லை என்றால்தான் பம்ப் பக்கம் பார்வை போக வேண்டும். மூச்சு வாங்குவது மேட்டில் மட்டும் என்றால் நின்ற இடத்தில் முழுசாகத் தெரியாமல் போகலாம், அப்போது கண்ணாடி ஹோஸும் கேஜும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்து முடிவுக்கு வாருங்கள். கேனைக் காருக்குள் வைத்துக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பம்ப் வாயிலில் இரண்டு சிறு விஷயங்கள் உண்டு. சில பம்புகளில் டீசல் நுழையும் இடத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு வலை இருக்கும், அதை யாரும் கழற்றிப் பார்ப்பதே இல்லை. இன்னொன்று, பாஷ் விஇ பம்பில் டீசல் உள்ளே வரும் பாஞ்சோ போல்ட்டும் (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) வெளியே போகும் பாஞ்சோ போல்ட்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் வெளியே போகும் போல்ட்டின் தலையில் ‘அவுட்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், அதன் உள்ளே துளை ஊசிக்கண் அளவுதான். முன்பு யாராவது கழற்றி மாற்றி மாட்டியிருந்தால் பம்புக்கு அந்த ஊசிக்கண் வழியாகத்தான் டீசல் போகும். வேலை பார்த்து வந்த பிறகுதான் இந்தக் குறை ஆரம்பித்தது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அடைப்பை எடுப்பது

குழாய்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது, சரி. ஃபில்டர் பக்கம் ஹோஸைக் கழற்றுங்கள். நடுவில் செடிமெண்டரோ பிரைமரோ இருந்தால் அதையும் விலக்கி, வெறும் குழாய் மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். டேங்க் மூடியைத் திறந்து வையுங்கள். இப்போது ஃபுட் பம்பை மாட்டி, டேங்கை நோக்கி மெதுவாகக் காற்றடியுங்கள். எப்போதும் டேங்கை நோக்கித்தான், ஃபில்டரையும் பம்பையும் நோக்கி ஒருபோதும் ஊதக் கூடாது. கம்ப்ரஸரைவிட ஃபுட் பம்ப் நல்லது என்பேன், ஏனென்றால் எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்று காலுக்கே தெரியும். கம்ப்ரஸர் காற்று வலையைப் பிய்த்துவிடும், பழைய ஹோஸைக் கழற்றிவிடும். இன்னொருவரை டேங்க் வாயில் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ‘குபுகுபு’ என்று சீராகக் கேட்க வேண்டும். முதலில் அழுத்தம் ஏறி, திடீரென்று ஏதோ விட்டது போலக் கால் லேசானால் அடைப்பு நகர்ந்துவிட்டது.

ஆனால் இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். ஊதினால் குப்பை எங்கே போகும்? டேங்குக்குள்தான். அது நாளைக்கோ அடுத்த வாரமோ மறுபடி வலையில் வந்து ஒட்டும். சுலபமாக ஊத முடிகிறது, ஆனால் உறிஞ்சும்போது மட்டும் அடைக்கிறது என்றால் ஏதோ ஒரு தகடு வால்வு போல வேலை செய்கிறது: வலையின் மேல் படியும் ஒரு துண்டு பிளாஸ்டிக், அல்லது ஹோஸின் உள்தோல். ஊதுவது அடைப்பு எங்கே என்று காட்டும் சோதனை, அதோடு வேலை முடிவதில்லை.

பழைய ரப்பர் ஹோஸை வெளியே பார்த்து நம்பாதீர்கள். வெளிப்பக்கம் புதிதாகப் பளபளக்கும், உள்ளே அடுக்கு உரிந்து நாக்கு மாதிரி தொங்கும். கழற்றி, நீளவாக்கில் பிளந்து பாருங்கள், ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் பழைய ஹோஸை மறுபடி மாட்ட மனசு வராது. பயோடீசல் கலந்த டீசல் பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கும், டேங்கில் பல வருடமாகப் படிந்திருந்த அழுக்கையும் கரைத்துக் கிளப்பும். புதிய ஹோஸ் டீசலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். ரேடியேட்டர் ஹோஸ் மாட்டினால் சில மாதத்தில் ஊதிப் போகும். கிளிப்களையும் புதிதாகவே போடுங்கள். அடிப்பக்க இரும்புக் குழாயை முழு நீளத்துக்கும் டார்ச் அடித்துப் பாருங்கள், யாராவது ஜாக்கியை அதன் மேல் வைத்து நசுக்கியிருக்கலாம்.

டேங்கைத் திறப்பது

பல கார்களில் பின் சீட்டுக்கு அடியிலோ டிக்கி தரையிலோ ஒரு மூடி இருக்கும், அதற்குக் கீழே டீசல் அளவை கேஜுக்குச் சொல்லும் சென்டர் யூனிட்டும் பிக்கப் குழாயும் இருக்கும். டேங்க் கால்வாசிக்கும் கீழே இருக்கும்போது இந்த வேலையைச் செய்யுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். மூடியைத் தொடுவதற்கு முன் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் வேக்குவம் கிளீனரால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் உள்ளே விழும். அந்த யூனிட்டை டேங்கோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கை இரும்பு உளியால் தட்டாமல் மரக்கட்டையோ பித்தளையோ வைத்துத் தட்டிச் சுற்றுங்கள். மீதி டீசலைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுங்கள், வாயால் உறிஞ்சவே கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

வலையைச் சுத்தமான டீசலில் அலசுங்கள். கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். சிலர் வலையே தேவையில்லை என்று பிய்த்துவிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பிடிக்க வேண்டிய குப்பை அப்புறம் குழாய் நடுவில் போய் மாட்டும், அங்கிருந்து எடுப்பது இன்னும் கஷ்டம். டேங்கின் அடியை எல்இடி டார்ச்சில் பார்த்து, படிந்திருப்பதை நூல் விடாத துணியால் துடைத்தெடுங்கள். துரு செதில் செதிலாக இருந்தால் டேங்கை இறக்கிக் கழுவத்தான் வேண்டும், அல்லது வேறு டேங்க். டேங்கில் ஓட்டை என்று வெல்டிங் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், காலி டேங்கில் இருக்கும் ஆவி வெடிக்கும்.

பூஞ்சை என்றால் அது தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் வாழ்வது, தண்ணீர் இல்லாவிட்டால் வளர முடியாது. அதைக் கொல்லும் மருந்துகள் கிடைக்கின்றன, ஆனால் அழுக்கு டேங்கில் நேரடியாக ஊற்றினால் செத்த கூழெல்லாம் பெயர்ந்து வந்து ஃபில்டரை அடைக்கும். முதலில் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள், தண்ணீரை முழுக்க எடுங்கள், அப்புறம் மருந்து. நீண்ட நாள் நிறுத்தும் வண்டியில் டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக் காற்று இருக்க இடம் குறையும்.

கடும் குளிர் உள்ள இடத்தில் ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: குளிர்ந்த காலையில் மட்டும் வந்து மதியம் மறையும் அடைப்பு, டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரில் படிவது. ஃபில்டர் மேல் துணி சுற்றிச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள், தீ காட்டாதீர்கள். மெழுகு உறையாமல் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே ஊற்ற வேண்டும், உறைந்த பிறகு ஊற்றிப் பயனில்லை.

காற்றை எடுத்து ஸ்டார்ட் செய்வது

இத்தனை ஹோஸைக் கழற்றியதால் வழி முழுக்கக் காற்று இருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, கீழே துணி வைத்து, பிரைமரை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை, அப்புறம் விட்டுவிட்டு டீசல், கடைசியில் குமிழி இல்லாத சீரான டீசல் வரும், அமுக்கிய நிலையிலேயே திருகை இறுக்குங்கள். பம்பிலும் பிளீட் திருகு இருந்தால் அங்கேயும் அதே வேலை. பிரைமர் இறுகும்வரை அமுக்கிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் ஆற விடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் போய்விடும்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் மட்டும், இன்ஜெக்டர் தலையில் உள்ள பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, முகத்தையும் கையையும் விலக்கி வைத்துக்கொண்டு இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நட்டைச் சுற்றி டீசல் கசிய ஆரம்பித்ததும் நிறுத்தி ஒவ்வொன்றாக இறுக்குங்கள். என்ஜின் முதலில் இரண்டு சிலிண்டரில் தடதடவென்று ஓடி, அப்புறம் சீராகும். பாஞ்சோ போல்ட்டில் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகவே போடுங்கள், நசுங்கிய பழைய வாஷர்தான் பாதி காற்றுத் தொல்லைக்குக் காரணம்.

கண்ணாடி ஹோஸைக் கழற்றி நல்ல ஹோஸ் மாட்டிய பிறகு, எந்த மேட்டில் வண்டி நின்றதோ அதே மேட்டில், அதே கியரில் ஏற்றிப் பாருங்கள். முன்பு எவ்வளவு தூரம் ஓடிய பிறகு மூச்சு வாங்கியதோ அதைவிடக் கூடுதலாக ஓட்டினால்தான் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியும். டேங்கைத் துடைத்த வண்டியில் மிச்சம் மீதி அழுக்கு முதல் சில நூறு கிலோமீட்டரில் ஃபில்டருக்கு வந்து சேரும், அதனால் ஒரு ஸ்பேர் ஃபில்டரும் அதற்கான ஸ்பேனரும் டிக்கியில் இருக்கட்டும். அதுவரை வாரம் ஒருமுறை அடித்திருகைத் திறந்து பாட்டிலில் வடித்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு தடவை தெளிந்த டீசல் மட்டும் வந்தால், அப்புறம் வழக்கமான சர்வீஸ் கணக்குக்கே திரும்பிவிடலாம்.